தலைக்கு மேலே ஸ்பீக்கர்

உப்புக்குளத்தில் ஒரு வீட்டு ஹோம் தியேட்டருக்கு சீலிங்கிலும் ஸ்பீக்கர் பூட்டலாமா என்று பார்க்கப் போயிருந்தேன். வீட்டுக்காரர் மெலிந்த, உயரமான மனிதர். எதைக் கேட்டாலும் முதலில் கட்டிலைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அங்கே பாரிசவாதத்தில் பேச்சிழந்த மனைவி மல்லாந்து கிடந்தார்.

“சின்ன அறை ஐயா, இருக்கிறதே காணும், மேல தேவையில்லை” என்றேன்.

“இவ பார்க்கிறது மேலதான் தம்பி. முன்னுக்கு என்ன போட்டாலும் திரும்பிறா இல்லை. டொக்டர்மாரும் கைவிட்டிட்டினம். மேலயிருந்து சத்தம் வந்தா ஒருவேளை...” கட்டிலைப் பார்த்தார். “பூட்டுங்கோ.”

பூட்டி முடித்து ஒரு படத்தைப் போட்டேன். அதில் வந்த மழை சீலிங்கில் இரைந்தது. அந்த அம்மாவின் உதடு அசைந்தது.

“உடுப்பு நனையுது, எடுங்கோ.”

வீட்டுக்காரர் வெளியே ஓடினார். வெயில் எரிந்தது, கொடியில் ஒன்றுமில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு அலுமாரியிலிருந்த மனைவியின் சேலைகளை எல்லாம் அள்ளிக்கொண்டுபோய்க் கொடியில் போட்டுவிட்டு வந்து, அதே மழையைத் திரும்பப் போட்டார். அம்மா பேசவில்லை. மறுபடியும் போட்டார்.

நான் புறப்பட்டபோதும் மழை கேட்டுக்கொண்டிருந்தது. அதைப் பூட்டிக் கொடுத்தது நல்லதோ கெட்டதோ, இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.