கறுப்புக் கோட்டுக்குள் ஒரு வரி

அந்த வக்கீல் அலுவலகத்தில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். காலையில் கைப்பையை வைக்கும்போது பேசத் தொடங்கினால் மாலை வரை ஓயமாட்டாள். வேலையோ அதற்கு நேர் எதிர். சத்தியம் செய்து எழுதிக்கொடுத்த வாக்குமூலங்களில் வீட்டு முகவரி, போன் நம்பர், பிள்ளைகளின் பெயர், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் கறுப்புக் கோடு போட்டு மறைக்கவேண்டும். அதன்பிறகுதான் காகிதம் கோர்ட்டுக்குப் போகும். மறைத்த தாளை அச்செடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பாள்.

வீட்டில் பஸ் ஓட்டுகிற கணவன் கிண்டல் செய்வான். "ஊர்க்கதை எல்லாம் படிக்கிற. ஒண்ணாவது சொல்லேன்!"

"மறந்துபோச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுப் பூனையைப் பற்றி அரைமணி பேசுவாள்.

ஒருநாள் ஒரு தையல்காரியின் வாக்குமூலம் வந்தது. அடிக்கிற புருஷனிடமிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு தப்பி வந்தவள். அவன் கிட்டே வரக்கூடாது என்று உத்தரவு கேட்டிருந்தாள். ரேடியோ முகவரியை மறைத்தாள், பள்ளியை மறைத்தாள். கடைசிப் பக்கத்தில் கை நின்றது. 'ரயில் பாலத்தடியில், எங்கள் அறைக்குக் கீழே ரொட்டிக்கடை. விடியலில் அடுப்பு மூட்டினால் தரை சூடாகும். அந்தச் சூட்டில் என் மகள் பயமில்லாமல் தூங்குகிறாள்.'

முகவரியே வேண்டாம், இது போதும் அவனுக்கு. தாளை எடுத்துக்கொண்டு வக்கீலம்மாவிடம் ஓடினாள்.

"மறைக்கணும்தான்" என்றார் வக்கீலம்மா. "ஆனா அந்தம்மா சத்தியம் பண்ணிச் சொன்னது. ஒரு வார்த்தை கேட்டுடு."

போனில் விவரம் சொன்னதும் தையல்காரி கேட்டாள்: "அக்கா, அதுல நான் சந்தோஷமா சொன்னது அந்த ஒண்ணுதான். அதையும் அழிக்கணுமா?"

"அழிக்கலம்மா, மறைக்கிறோம். உன் வீட்டுக்காரர் கைக்குப் போற பிரதியில மட்டும்தான் கறுப்பு. ஜட்ஜம்மாவுக்கு முழுசா, கவர்ல போட்டு முத்திரை வச்சுக் குடுப்போம்."



"ஜட்ஜம்மா அதைப் படிப்பாங்களா அக்கா?"

"படிக்காம உத்தரவு போடமாட்டாங்க."

"அப்போ மறைச்சிடுங்க."

விசாரணையன்று புருஷனின் வக்கீல் அந்தப் பக்கத்தை ஆட்டிக்காட்டி, இவ்வளவு கறுப்பில் என்ன ஒளிந்திருக்கிறது என்று குரலை உயர்த்தினார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "நான் படிச்சிட்டேன். குழந்தை நல்லாத் தூங்குது. அது உங்க கட்சிக்காரருக்குத் தெரிஞ்சா போதும்." அவன் அவர்களை நெருங்கக்கூடாது என்று உத்தரவானது.

உத்தரவு நகலுக்காக வராந்தா பெஞ்சில் மகளோடு காத்திருந்த தையல்காரி, பக்கத்தில் வக்கீலம்மாவோடு ஓயாமல் பேசிய குரலைக் கேட்டுச் சட்டென்று திரும்பினாள். "நீங்கதானே போன்ல பேசின அக்கா?"

அதுவரை முகம்கூடப் பார்த்துக்கொள்ளாத இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ரேடியோ மகளைத் தன் மடிக்கு இழுத்து, பூனைக் கதையை ஆரம்பித்தாள். நடுவில் குழந்தை கேட்டது:

"குட்டி போட்டுச்சா?"

"மூணு போட்டுச்சு. அதுல ஒண்ணு, உன்னை மாதிரியே, முழிச்சு முழிச்சுப் பார்க்கும்."

தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.