கவச வண்டி ஓட்டிய அருளப்பன்

அருளப்பன் இறந்துவிட்டார் என்று கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நான் காத்து நின்றபோது அவர் மைத்துனர் சொன்னார். துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் மார்பைப் பிடித்தபடி உட்கார்ந்தாராம். பிறகு எழுந்திருக்கவில்லை.

ராயபுரத்தில் அவரோடு பழகியவர்களுக்கு அவர் மூட்டை தூக்குபவர். எனக்கு, எழுபத்தொன்றின் போரில் கவச வண்டி ஓட்டியவர். கிழக்கு வங்காளத்தில் ஒரு சிறு நகரத்தைப் பிடிக்கப் போயிருந்தோம். தெருச் சண்டையில் வண்டி நடை வேகத்தில் போகும். சிப்பாய்கள் நாங்கள் அதன் மறைவில் நடப்போம். மாடிகளிலிருந்து வரும் குண்டுகள் இரும்பில் பட்டுத் தெறிக்கும். மேல்மூடியைச் சாத்திக்கொண்டு ஓட்டுபவருக்குக் கையகலக் கண்ணாடி வழியாகத் தெரிவதுதான் தெரு. "நான் உங்களுக்கு செவுரு, நீங்க எனக்குக் கண்ணு. வுட்டுட்டுப் பூடாதீங்க நைனா" என்பார்.

ஒரு சணல் ஆலையின் மாடியிலிருந்து இயந்திரத் துப்பாக்கி சுடத் தொடங்கியது. நானும் ராகவன் என்ற பாலக்காட்டுக்காரனும் காலில் அடிபட்டு நடுத்தெருவில் விழுந்தோம். அருளப்பன் வண்டியைக் கொண்டுவந்து எங்களுக்கும் ஆலைக்கும் நடுவே நிறுத்தினார். அந்தப் பக்க இரும்பில், கப்பலில் துரு தட்டுவதுபோல் குண்டுகள் இரைந்தன. பின்கதவைத் திறந்து என்னை உள்ளே இழுத்துப் போட்டார்கள். ராகவனைக் காணவில்லை. ஊர்ந்து சுவரோரம் போயிருப்பான் என்று நினைத்தார்கள். "பின்னால எடு" என்றார் அதிகாரி. எடுத்தார்.

ராகவன் பாதுகாப்புக்காக வண்டியின் அடியில் புகுந்திருந்தான்.

விசாரணையில் அவர்மீது குற்றமில்லை என்றார்கள். பட்டாளத்தை விட்டு வந்தபின் அவர் எந்த வண்டியையும் ஓட்டவில்லை. மணலியில் டேங்கர் லாரிக்கு அழைத்தார்கள். அவர் மனைவி மேரி அக்கா கெஞ்சிப் பார்த்தார். "என்னால ஆவாது மேரி" என்று மூட்டை தூக்கப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவரிடம், "நீங்க வண்டியக் கொண்டாரலன்னா நான் அங்கியே செத்திருப்பேண்ணே" என்றேன்.

"தெரியும். உன்னப் பாத்தா சந்தோசமாத்தான் கீது. அப்பால அவன் நெனப்பு வந்துடுது" என்றவர், "நீ அடிக்கடி வராத நைனா" என்றார். குரலில் கோபம் இல்லை. அதன்பிறகு அவர் தெருப்பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன்.

கல்லறையில் மண் போடும்போதுதான் வெகுநாள் கழித்து அவர் அருகில் நின்றேன். அவர் தந்ததில் என்னிடம் இருப்பது என் உயிர். அதை வைத்து அவருக்கு ஓர் ஆறுதலும் செய்ய முடியவில்லை.