அம்மா பார்த்த வெள்ளோட்டம்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் சமையலறை மேசையைத் துடைத்தாள் அம்மா. ஒரு பக்கம் தன் லேப்டாப்பை வைத்தாள். எதிர்ப்பக்கம் கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன்.

"வந்து உட்காரு. இன்னிக்கு நீ மாணவி."

"போன மாசமும் நான்தானே மாணவி? என்னை எப்பதான் வாத்தியாரா ஆக்குவே?" என்றாள் மகள்.

"முதல்ல ஒரு பரீட்சையாவது ஒழுங்கா எழுது. அப்புறம் பார்க்கலாம்."

மகள் ஒரு நிறுவனத்தில் நெட்வொர்க் பொறியாளர். வெளியே நாலு பேர் அவளைக் கேட்டுத்தான் முடிவெடுப்பார்கள். வீட்டில் அம்மாவின் ஆன்லைன் பரீட்சைகளுக்குச் சோதனை எலி.

அன்றைய விதி எளிது. சின்னப் பரீட்சை. எல்லாக் கேள்விக்கும் பதில் எழுத வேண்டும். கடைசியில் 'சமர்ப்பி' என்ற பொத்தானை மட்டும் அழுத்தக் கூடாது. நேரம் தானாகத் தீரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு திரையையும் மகள் வீடியோவாகப் பதிவு செய்துகொண்டாள்.

"மேடம், முடிச்சிட்டேன். வெளியே போகலாமா?"

"பேசாம உட்காரு. பக்கத்துல பார்க்காதே."

"பக்கத்துல ஃப்ரிட்ஜ்தான் இருக்கு."

அம்மா துணி மடித்துக்கொண்டே திரையில் ஓடும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்கள் சிவப்பாயின. தீர்ந்தன. போனில் 'நேரம் முடிந்தது' என்று வந்தது. லேப்டாப்பில், எல்லாப் பதிலும் சரியாக எழுதிய மாணவிக்கு எதிரே, மதிப்பெண் பூஜ்யம்.

அம்மா மடித்த துணியை மேசையில் தட்டி வைத்தாள். "அதேதான். அப்படியே வந்திடுச்சு பாரு."

"பெத்த பொண்ணு முட்டை வாங்கினதுக்கு இவ்வளவு சந்தோஷப்படற தாய் நீ ஒருத்தியாத்தான் இருப்பே."

"ஒரு பொண்ணோட படிப்பு இந்த முட்டையிலதான்டி இருக்கு" என்றாள் அம்மா.

அம்மாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. செவ்வாய்க்கிழமை காலை, ஆபீஸ் படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அம்மா, அதன்பின் எழுந்திருக்கவில்லை.

பல்கலைக்கழகத்தின் பரீட்சைப் பிரிவில் கேள்வித்தாள் டைப் அடிக்கச் சேர்ந்தவள் அம்மா. பரீட்சைகள் கம்ப்யூட்டருக்குப் போகப்போகின்றன என்று பேச்சு வந்தபோது அந்தப் பிரிவில் பாதிப்பேர் வேறு இடத்துக்கு மாற்றல் கேட்டார்கள். அம்மா பயிற்சி வகுப்பில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். கற்றுக்கொண்டதைப் பற்றி அவளுக்கு அடக்கமெல்லாம் கிடையாது. "இந்தக் கட்டடத்துல என் கை படாம ஒரு பரீட்சை திறக்காது" என்று உறவினர் வீடுகளில் சொல்லிக்கொள்வாள். அது உண்மையும்கூட.

பேராசிரியர்கள் கேள்விகளை அவரவர் மனம்போல அனுப்புவார்கள். ஒருவர் ஒழுங்கான கோப்பாக. ஒருவர் கையால் எழுதிப் போட்டோ பிடித்து. இன்னொருவர் காரில் போய்க்கொண்டே வாய்ஸ் மெசேஜில், இடையிடையே ஹாரன் சத்தத்தோடு. எல்லாவற்றையும் அம்மா, ஆன்லைன் பரீட்சை நடத்தும் தகவல் அமைப்பில் ஏற்றுவாள். எப்போது திறக்கும், எப்போது மூடும், யார் யார் எழுதலாம், கேள்விகளைக் கலைத்துப் போடுவதா, தவறான பதிலுக்கு மதிப்பெண் குறையுமா எல்லாம் அவள் வேலை. "கேள்வி அவங்களோடது. கதவு என்னோடது" என்பாள்.

கதவைத் திறக்கும் முன் வெள்ளோட்டம் பார்ப்பாள். அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாள். இதற்கென்றே தகவல் அமைப்பில் மூன்று பொய் மாணவர்களைப் பெற்று வளர்த்தாள். ஒருவன் பெயர் 'அவசரம்'. கேள்வியைப் படிக்காமலே அழுத்திவிட்டு ஓடிவிடுவான். இன்னொருவன் 'நிதானம்'. போய்ப் போய்த் திரும்பி வருவான், எழுதியதை மாற்றுவான், ஆனால் மணி அடிக்குமுன் கொடுத்துவிடுவான். மூன்றாமவன் 'பாதிவழி'. நடுவில் அவனுக்கு நெட் போய்விடும், சார்ஜ் தீர்ந்துவிடும். மறுபடி உள்ளே வந்து விட்ட இடத்திலிருந்து எழுதுவான். மகள் சிக்காத நாட்களில் மூவருக்காகவும் அம்மாவே உட்கார்ந்து முழுப் பரீட்சையும் எழுதுவாள், அதுவும் அந்த விரிசல் போனில். "என் லேப்டாப்ல எழுதினா எல்லாம் நல்லாத்தான் தெரியும். பசங்ககிட்ட என்ன இருக்கோ அதுலதான் பார்க்கணும்."

இதனால் ஒவ்வொரு பரீட்சையும் ஒரு நாள் தாமதமாகும். பிரிவுத் தலைவர் முனகுவார்.

"மேடம், உங்க மூணு பசங்களுக்காக மூவாயிரம் பேர் காத்துக்கிடக்காங்க."

"அந்த மூவாயிரம் பேருக்காகத்தான் சார் என் பசங்க மூணு பேரும் ராப்பகலா படிக்கிறாங்க."

அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் அந்த ஒரு நாள் காத்திருக்கத் தவறியதில்லை.

ஒரு வருடம், பின்தங்கும் மாணவர்களின் வீட்டுக்குத் தகவல் சொல்லும் ஏற்பாடு புதிதாக வந்தது. பாதிவழி எல்லாப் பாடத்திலும் தோல்வி. வகுப்புக்கும் வந்ததே இல்லை. பெற்றோர் என்ற இடத்தில் அம்மா தன் எண்ணைக் கொடுத்திருந்தாள். மாணவர் ஆலோசனை அறையிலிருந்து, வேலைக்குப் புதிதாக வந்த ஒரு பெண் அழைத்தாள். "உங்க பையனைப் பத்திக் கொஞ்சம் நேர்ல பேசணும்மா."

அம்மா மாடியிலிருந்து இறங்கிப் போய் அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"பையன் ஒவ்வொரு பரீட்சையிலயும் பாதியில போயிட்டுத்தான் திரும்பி வர்றான். வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

"அவன் பிறவியே அப்படி மேடம்."

"அப்படிச் சொல்லாதீங்க. தாய் நீங்களே கைவிட்டா எப்படி?"

அந்தப் பெண் பாதிவழிக்காக இவ்வளவு உருகுவதைப் பார்த்த பிறகுதான் அம்மா உண்மையைச் சொன்னாளாம். அதுவரை கேட்க நன்றாக இருந்தது என்பாள். பிறகு இருவரும் சிநேகிதிகளாகிவிட்டார்கள்.

இந்தப் பருவத்தில் அந்த மூன்று பிள்ளைகளும் அம்மாவைக் கைவிட்டார்கள்.

தகவல் அமைப்புக்கு ஒரு அப்டேட் வந்திருந்தது. அதில் புது செட்டிங் ஒன்று. நேரம் தீரும்போது மாணவர் இன்னும் சமர்ப்பிக்காமல் இருந்தால், எழுதியதை எடுத்துக்கொள்வதா, தள்ளிவிடுவதா? யாரும் தொடாவிட்டால் தள்ளிவிடும். முதலாம் ஆண்டு மறுதேர்வுக்கு அம்மா வழக்கம்போல வெள்ளோட்டம் பார்த்தாள். அவசரம் சீக்கிரமே கொடுத்தான். நிதானம் நேரத்துக்குள் கொடுத்தான். பாதிவழி திரும்பி வந்து கொடுத்தான். மூவருக்கும் மதிப்பெண் சரியாக விழுந்தது. கதவைத் திறந்தாள்.

கடைசி நொடிவரை எழுதிக்கொண்டே இருந்து, பொத்தானை அழுத்த மறக்கிற ஒருத்தி அந்த மூவரில் இல்லை. நிஜத்தில் இருந்தாள். மாலை நேரங்களில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துப் படிக்கும் பெண். அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. தோற்றால் பெயரை எடுத்துவிடுவார்கள். முடிவு போனில் மெசேஜாக வந்தது. பூஜ்யம்.

அவள் பரீட்சைப் பிரிவு ஜன்னலுக்கு வந்து, "நான் எழுதினேன் மேடம்" என்றாள்.

அம்மா அவளை உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்தாள். பதில்கள் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றும் சேமிக்கப்பட்ட நேரத்தோடு. நேராகத் தலைவரின் அறைக்குப் போனாள்.

"சார், தப்பு என்னோடது."

"சிஸ்டம் கோளாறுன்னு எழுதிடலாம் மேடம். யாரும் கேட்க மாட்டாங்க."

"சிஸ்டத்துக்குச் சொல்லிக்கொடுக்கிறது யாரு? நான். அது கோளாறு பண்ணல, நான் சொன்னதைச் செஞ்சிருக்கு. அந்தப் பொண்ணுக்கு என்ன வழி, அதைச் சொல்லுங்க."

சமர்ப்பிக்காத விடைத்தாள், விடைத்தாளே இல்லை என்பது விதி. தேர்வுக் குழு மனம் வைத்தால்தான் அதை ஏற்க முடியும். "வியாழக்கிழமை கூடறாங்க. எழுதினேன்னு எல்லாரும்தான் சொல்வாங்க, இப்படித்தான் நடந்துச்சுன்னு அவங்க கண்ணால பார்க்கணும்" என்றார் தலைவர்.

"காட்டிட்டாப் போச்சு" என்றாள் அம்மா.

அன்றே திறந்திருந்த எல்லாப் பரீட்சையிலும் அந்த செட்டிங்கை மாற்றினாள். நான்காவதாக ஒரு பிள்ளையைப் பெற்றாள். பெயர், 'கடைசிவரை'. ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் மகள் எழுதியது அந்தப் பெயரில்தான். அதற்காக மட்டும் ஒரு பரீட்சையைப் பழைய செட்டிங்கோடு அமைத்திருந்தாள்.

துக்கம் கேட்க வந்த பிரிவுத் தலைவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போதுதான் வாயைத் திறந்தார்.

"இந்த நேரத்துல கேட்கக் கூடாதும்மா. அந்தக் கூட்டத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கேன். அவங்க ஏதோ வீடியோ..."

"என்கிட்ட இருக்கு சார். நானே வந்து காட்டறேன்."

குழு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. மகள் வீடியோவை ஓடவிட்டாள். இரண்டு திரை, ஓடும் கடிகாரம், ஓரத்தில் துணி மடிக்கும் இரண்டு கைகள். அந்தக் கைகளை அவள் முன்பு கவனித்திருக்கவில்லை. திரையை விட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

"இது வீட்ல வச்சு நடத்தினது. நிஜப் பரீட்சையிலயும் இதேதான் நடந்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று ஒரு பேராசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி.

தலைவர் எடுத்துக்கொடுத்திருந்த இரண்டு பரீட்சைகளின் செட்டிங்கையும் மகள் அருகருகே வைத்துக் காட்டினாள். அப்டேட் வந்த தேதி, அந்தப் பெண்ணின் கடைசிப் பதில் சேமிக்கப்பட்ட நேரம், பரீட்சை மூடிய நேரம். தன் வேலையில் பழுது அறிக்கை கொடுப்பதுபோலத்தான் பேசினாள்.

"இந்தக் 'கடைசிவரை' யாரு? எந்தத் துறை?"

"நான்தான் சார்."

"எல்லாமே சரியா எழுதியிருக்கீங்களே."

"அம்மா பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாங்க."

மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. அம்மாவைத் தெரிந்தவர்களின் சிரிப்பு. மகளும் சிரித்தாள்.

குழு அந்த விடைத்தாளை ஏற்றது. திருத்தி மதிப்பெண் போட்டது; அந்தப் பெண் தேறியிருந்தாள். அதோடு ஒரு முடிவும் எடுத்தது. இனி எந்தத் துறையின் ஆன்லைன் பரீட்சையும், நான்கு சோதனை மாணவர்களும் எழுதி முடித்த பிறகே திறக்கப்படும். தலைவர் அதை எழுந்து நின்று வாசித்தார். 'வெள்ளோட்டம்' என்ற சொல் அப்படியே இருந்தது. இத்தனை காலம் முனகிய வாயாலேயே வாசித்தார். மகள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து கேட்டாள். தன் சம்பள உயர்வைக்கூட அவள் அப்படிக் கேட்டதில்லை.

வெளியே வரும்போது தலைவர் கூடவே நடந்தார்.

"மார்க்கை இப்பவே ஏத்திடலாம். ஏத்தினா அந்தப் பொண்ணுக்கு உடனே மெசேஜ் போயிடும். அதான் யோசிக்கிறேன். முட்டைன்னு மெசேஜ்ல தெரிஞ்சுக்கிட்ட பொண்ணு அது. இந்தத் தடவை முடிவு எதுவானாலும் நானே கடைக்கு வந்து சொல்றேன்னு உங்கம்மா அவகிட்ட சொல்லி அனுப்பியிருந்தாங்க."

"சாயங்காலம்வரை ஏத்தாதீங்க சார்" என்றாள் மகள்.

கடை, பல்கலைக்கழகத்துக்குப் பின்தெருவில் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. மெஷினின் சூடு வாசல்வரை அடித்தது. அந்தப் பெண் தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே நிமிராமல் கேட்டாள்.

"கலரா, பிளாக்கா அக்கா?"

"ஜெராக்ஸ் இல்லம்மா. பரீட்சைப் பிரிவு மேடத்தோட பொண்ணு நான்."

அந்தப் பெண் மெஷினை நிறுத்தினாள். மை பட்ட கையை உடையில் துடைத்துக்கொண்டாள். மகளின் தோளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

"மேடம் அவங்களே வர்றேன்னு சொன்னாங்களே. வரலையா?"

எதை முதலில் சொல்வது என்று மகள் வழியிலேயே முடிவு செய்திருந்தாள்.

"அவங்க சொல்ல வேண்டியதை நான் சொல்றேன்" என்றாள். "முதல்ல அதைக் கேளு."