சிஞ்சுவின் சைக்கிள்

சாந்தன்பாறையில் சிலுவைராஜின் வெல்டிங் பட்டறைக்கு ஏலக்காய்த் தோட்டக்காரர்கள்தான் வாடிக்கை. ஒற்றைச் சக்கர சைக்கிள் செய்யும் வேலை அவருக்கு மகள் சிஞ்சுவால் வந்தது. பூப்பாறைப் பக்கம் சுற்றுலா வருகிறவர்களுக்கு வித்தை காட்டும் பார்க் ஒன்றில் அவள் சேர்ந்தபோது, அங்கே கொடுத்த சைக்கிள் அவள் உயரத்துக்குத் தோதுப்படவில்லை. அவர் மகளின் காலை அளந்து புதிதாக ஒன்று செய்து கொடுத்தார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அதில் அவள் போன அழகைப் பார்த்து, கூட வேலை செய்தவர்களும் தங்கள் அளவுக்குக் கேட்டு வந்தார்கள்.

போன மழைக்காலத்தில், ஷோ முடிந்து வரும் வழியில் ஜீப் கவிழ்ந்து சிஞ்சுவின் வலது முட்டி நொறுங்கிப்போனது. மதுரையில் ஆபரேஷன் நடந்தது. நடக்கலாம், ஆனால் இனி முட்டி மடங்காது என்றார் டாக்டர். அதை அவள் ஏற்றுக்கொண்டாள். சிலுவைராஜால் முடியவில்லை. சைக்கிளைப் பார்க்கிலிருந்து கொண்டுவந்து முன்னறைச் சுவரில் மாட்டினார். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அதைத் துடைத்து எண்ணெய் போடுவார்.

ஒருநாள் பட்டறை வாசலில் ஆட்டோ நின்றது. சுவரில் இருந்த சைக்கிளைக் கழற்றி அணைத்துப் பிடித்தபடி சிஞ்சு இறங்கினாள். பின்னால் குட்டையாக ஒரு பெண்.

"அப்பா, இது பின்சி. பார்க்குல என் இடத்துக்கு வந்திருக்கா. சீட்டு இவளுக்கு ஒசரம். எறக்கிக் குடுங்க."

சீட்டை இறக்கிப் பார்த்தார். அதைத் தாங்கும் கம்பி டயரில் போய் முட்டியது. அறுத்தால்தான் உண்டு. ஒருமுறை அறுத்துவிட்டால் அது சிஞ்சுவின் அளவுக்கு எட்டாது.

"இவளுக்குப் புதுசா ஒண்ணு செஞ்சு தாரேன். இது கெடக்கட்டும்."

"யாருக்குக் கெடக்கட்டும்?"

அவர் சீட்டைப் பழைய உயரத்துக்கே ஏற்றத் தொடங்கினார்.

"வீட்டுக்கு வாறவங்க முதல்ல சுவரைப் பாக்காங்க, பெறகு என் காலைப் பாக்காங்க. நீங்களும் அப்படித்தாம்பா பாக்கீங்க." அவள் குரல் உயரவில்லை. "அறுங்க."

"வேண்டாம் சேச்சி, நான் வேற வண்டியில ஓட்டிக்கிடுதேன்" என்றாள் பின்சி. சிஞ்சு அளவு டேப்பை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

சிலுவைராஜ் அந்தப் பெண்ணின் காலை அளந்தார். கம்பியில் சாக்பீஸால் கோடு போட்டார். கட்டிங் மெஷினை எடுத்தவர் அதைக் கீழே வைத்துவிட்டு மறுபடி அளந்தார். பிறகு கோட்டிலேயே வைத்து அறுத்தார். நாலு விரல் நீளத் துண்டு காலடியில் விழுந்தது.

சீட்டை இறக்கி மாட்டியதும் பின்சி ரோட்டில் வைத்து சைக்கிளில் ஏறினாள், சரிந்தாள், மறுபடி ஏறினாள்.

"சக்கரத்தைப் பாக்காத! தூரமாப் பாரு!" என்று கத்திய சிஞ்சு, அவள் கூடவே ஓடப்போகிறவளாய்க் காலை எடுத்து வைத்தாள். முட்டி மடங்கவில்லை. பட்டறைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிலுவைராஜ் அதைப் பார்த்தார். பார்த்தது அவளுக்குத் தெரியாதிருக்க உள்ளே திரும்பிக்கொண்டார்.

இப்போது சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் பார்க்குக்குப் போய் சிஞ்சு அங்கே புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். கேட்கிறவர்களுக்கெல்லாம் சிலுவைராஜ் சைக்கிள் செய்து கொடுக்கிறார். ஷோ பார்க்க வரச்சொல்லி அவளும் பலமுறை கூப்பிட்டுவிட்டாள். பட்டறையில் வேலை கிடக்கிறது என்று சொல்லிவிடுகிறார்.