அவர்களுக்குத் தேவைப்பட்ட ஒரு பெண்

சித்தூரில் நான் வேலை பார்த்த அட்டைப்பெட்டி கம்பெனி பங்குச் சந்தைக்குப் போக முடிவெடுத்தது. இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருந்தாக வேண்டும் என்று சட்டம் சொன்னது. அதுவரை குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். ஒரே உறைவிடப் பள்ளியில் படித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் திருப்பதியில் ஒரு கிளப்பில் ஷட்டில் ஆடிவிட்டுச் சேர்ந்து டிபன் சாப்பிடுகிறவர்கள். யாருக்கு எந்த ஆர்டர், யார் மகனுக்கு எந்தப் பதவி என்பதெல்லாம் அந்த மேஜையிலேயே முடிந்துவிடும். திங்கட்கிழமை மீட்டிங்கில் எங்களுக்குத் தகவல் மட்டும் வரும். அந்தக் கிளப்பில் பெண்கள் உறுப்பினராக முடியாது. உறுப்பினரின் மனைவியாக வரலாம்.

நான் அப்போது பிளாண்ட் ஹெட். நைனாவும் அம்மாவும் விஜயபுரம் பக்கம் அடுத்தவர் கழனியில் வேர்க்கடலை பிடுங்கி என்னைப் படிக்க வைத்தார்கள். ஸ்டோர்ஸ் உதவியாளராகச் சேர்ந்து, ஒவ்வொரு பதவிக்கும் இரண்டு ஆளின் வேலையைச் செய்து மேலே வந்தேன். பாய்லர் நின்றாலும் மாம்பழ சீசனில் லாரி வராவிட்டாலும் எனக்குத்தான் போன் வரும்.

கணக்குப் பிரிவின் தலைவர் ஒருநாள் என் அறைக்கு வந்து, "மேடம், போர்டுக்கு உங்க பேருதான் போயிருக்கு" என்றார். நம்பினேன். வீட்டிலும் சொல்லிவிட்டேன்.

"எம் பொண்ணு டைரக்டர் ஆவப் போவுதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு கீறேன்" என்று நைனா போனில் சிரித்தார்.

திருப்பதியில் ஒரு ஹோட்டலில் கூட்டம். தொழிற்சாலையைப் பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன், கைதட்டினார்கள். பிறகு சேர்மன் புதிய பெண் இயக்குநரை அறிவித்தார். இயக்குநர்களில் ஒருவரின் மனைவி அவர். பெங்களூரில் இருப்பவர். எங்கள் தொழிற்சாலை வாசலைக்கூட மிதித்ததில்லை. சேர்மன் பூங்கொத்தை என் கையில் திணித்தார். "நீங்களே குடுங்கம்மா. லேடிக்கு லேடி குடுத்தா போட்டோ நல்லாயிருக்கும்."

கொடுத்தேன். அந்தப் போட்டோவில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். இன்று பார்த்தாலும் உடம்பு எரிகிறது.

கை கழுவும் இடத்தில் அந்த அம்மா தானாகவே வந்து பேசினார். "எனக்கே நேத்துதான் சொன்னாங்க. வந்து கையெழுத்துப் போட்டா போதும்னாரு எங்க வீட்டுக்காரரு." அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரையும் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

சாப்பிடும்போது சேர்மனிடம் போனேன். "என்னை ஏன் எடுக்கலை சார்?"

அவர் தட்டிலிருந்து நிமிராமல், பாரம்மா என்று தெலுங்கில் ஆரம்பித்தார். "சூடம்மா, போர்டுன்னா நம்பிக்கை. நமக்குத் தெரிஞ்சவங்களா இருக்கணும்."

"இத்தனை வருஷமா என்னைத் தெரியுமே சார்."

"உங்க வேலை தெரியும். அதி வேரே, இதி வேரே."

பக்கத்தில் இருந்தவர்கள் சாம்பாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நான் சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் வேறொரு கம்பெனிக்கு நேர்காணலுக்குப் போனேன். அதன் முதலாளி மரியாதையாகப் பேசினார், காபி கொடுத்தார். நான் வீடு வந்து சேர்வதற்குள் எங்கள் சேர்மன் கூப்பிட்டுவிட்டார். "என்னம்மா, எங்களை விட்டுப் போறீங்களாமே?" குரலில் சிரிப்பு. காபி கொடுத்தவரும் ஷட்டில் ஆடுகிறவர்தான். சித்தூரிலும் திருப்பதியிலும் எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே அதே ஆட்கள் இருப்பார்கள் என்று அன்று புரிந்தது. மறுநாள் காலை ராஜினாமாவைக் கொடுத்தேன். என் நாற்காலியில் ஒரு இயக்குநரின் அக்கா மகனை உட்கார வைத்தார்கள்.

இப்போது ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். பதவி சிறியது. அங்கே வேலையைத் தவிர யாருக்கும் என்னைப் பற்றி வேறெதுவும் தெரியாது. "போனது போவட்டும், அதையே நினைச்சிக்கினு இருக்காத" என்கிறாள் அம்மா. என்னால் முடியவில்லை. விட்டுவிட மனமும் இல்லை.

போன மார்ச்சில் பழைய கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். மகளிர் தினத்துக்கு நான் வந்து பேச வேண்டுமாம். "பெண்கள் எப்படி மேல வரலாம்னு பத்து நிமிஷம் பேசுங்க மேடம்."

"வந்தவளை யாரு தடுத்தாங்கன்னு பேசட்டுமா?" என்று கேட்டேன்.

கேட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்தாள். பிறகு கூப்பிடவில்லை.