கூடை முட்டையும் மோட்டார் சைக்கிளும்

பிள்ளைகளா, போன வாரம் நீங்கள் இருவரும் வண்டி வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். விலை கூடின வண்டியில் பெயருக்குத்தான் காசு, இரண்டும் ஓடத்தானே போகிறது என்றான் பெரியவன். எட்டாவதோடு நின்றவன் நான். குறுக்கே பேசவில்லை. ஆனால் அதே கேள்விக்கு நானும் உங்கள் அம்மாவும் ஒருமுறை அலைந்து பதில் கண்டோம். அதை எழுதி வைக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் எனக்கு முட்டை வியாபாரம். நாட்டரசன்கோட்டையைச் சுற்றியுள்ள பட்டிகளில் வீடு வீடாக நாட்டுக்கோழி முட்டை வாங்கி, கூடையில் உமி பரப்பி அடுக்கி, சைக்கிளில் சிவகங்கைக்குக் கொண்டுபோய்ப் போடுவேன். அப்போதுதான் காரைக்குடியில் ஒரு மாணவர் விடுதிக்கு வாரம் இரண்டு நாள் முந்நூறு முட்டை கேட்டார்கள். காலை ஏழு மணிக்குள் வந்தாக வேண்டும். பத்துக்கு மேல் உடைந்திருந்தால் அடுத்த நடையிலிருந்து வேறு ஆள். இருபது மைலுக்கு மேல் சைக்கிள் மிதித்து அந்த நேரத்துக்குப் போக முடியாது. பஸ்ஸிலோ கூடையைக் கூரைமேல் ஏற்றச் சொல்வார்கள். இறக்கும்போது அது முட்டையாக இருக்காது.

உழவு மாடு இரண்டையும் விற்றேன். அவை உங்கள் அம்மா பிறந்த வீட்டுச் சீராக வந்தவை. அந்தப் பணம் ஒரு சின்ன மோட்டார் சைக்கிளுக்குச் சரியாக இருந்தது. வாங்குகிற வண்டி சரியில்லை என்றால் எங்களுக்கு மாடும் இல்லை, வியாபாரமும் இல்லை. அதனால்தான் உங்கள் அம்மா நானும் வருவேன் என்று ஐம்பது முட்டையோடு ஒரு கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

முதலில் மதுரையில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, உட்கார மெத்தை நாற்காலி, குடிக்கக் கலர் சோடா. வண்டிக்கு மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். கூடையோடு ஒரு நடை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று உங்கள் அம்மா கேட்டதும் விற்பனைக்காரர் சிரித்துவிட்டார்.

"ஏம்மா, வண்டி வாங்க வந்தீங்களா, ஆம்லேட் போட வந்தீங்களா?"

"ஆம்லேட் ஆகுதான்னு பாக்கத்தாண்ணே வந்திருக்கோம்."

பின்பக்கத்துச் சந்தில் ஒரே ஒரு சுற்று விட்டார்கள். சிநேகிதர் வண்டியில் ஓட்டப் பழகியிருந்ததால் நானே ஓட்டினேன். உங்கள் அம்மா மடியில் கூடையோடு பின்னால் உட்கார்ந்தாள். சந்து முடிகிற இடத்தில் கொஞ்சம் சரளை. திரும்பி வந்து பார்த்தால் பதினான்கு முட்டை போயிருந்தது. புது ஸ்பிரிங் இறுக்கமாகத்தான் இருக்கும், போகப் போக இளகிவிடும் என்றார் அவர். கிளட்ச் கேபிள் அறுந்தால் என்ன செய்வது என்றேன். எழுதிப் போட்டால் மெட்ராசிலிருந்து ஒரு மாதத்தில் வரும் என்றார். விலை கைக்கு அடக்கமாக இருந்ததால் வாங்கிவிடலாம் என்று எனக்கு அப்போதும் பாதி மனசு. பஸ் ஏறியதும் உங்கள் அம்மா ஆரம்பித்தாள்.

"மாடு வாங்கப் போனா பல்லப் புடிச்சுப் பாப்பீக, சுழி பாப்பீக. இங்க மாலையப் பாத்து மயங்கிப் போனீக."

மறு வாரம் புது முட்டையோடு காரைக்குடிக்குப் போனோம். ரயிலடிப் பக்கம் விலை கூடின வண்டி விற்கிற கடை ஒன்று இருந்தது. கடை என்றால் தகரக் கொட்டகைதான். பழுது பார்க்க ஐந்தாறு பழைய வண்டிகள் நின்றன. சந்தையில் மாட்டைப் பற்றித் தரகனிடம் கேட்கக்கூடாது, கட்டி உழுதவனிடம் கேட்க வேண்டும். அதே மாதிரி நான் முதலாளியிடம் போகாமல், வண்டியை விட்டுவிட்டுக் காத்திருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தேன். மருந்துக்கடைக்காரர் ஒருவர், எட்டு வருஷமாக இங்கேதான், கொடுத்த வண்டி அன்றைக்கே திரும்பாமல் இருந்ததில்லை என்றார். உள்ளே சுவரில் கேபிள்கள் பந்தலில் புடலங்காய் தொங்குவதுபோல் வரிசையாகத் தொங்கின.

முதலாளி விலையைச் சொன்னார். நான் வைத்திருந்ததற்கு மேல் இன்னொரு மாட்டு விலை வேண்டியிருந்தது. எதற்கு இவ்வளவு என்று நேராகவே கேட்டேன். அவர் கையை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டு, மூலையில் நின்ற தன்னுடைய சொந்த வண்டியின் சாவியை எடுத்து நீட்டினார்.

"புது வண்டி எவன் செஞ்சாலும் நல்லாத்தாண்ணே ஓடும். இது ஏழு வருசம் ஓடுனது. அமராவதிபுதூர் வரைக்கும் போய்ட்டு வாங்க. கூடைய தங்கச்சியே வச்சுக்கிறட்டும்."

அந்தக் காலத்து அமராவதிபுதூர் ரோடு உங்களுக்குத் தெரியாது. பாதி சரளை, பாதி பள்ளம். பள்ளம் வரும்போதெல்லாம் பின்னால் உங்கள் அம்மா முருகனைக் கூப்பிட்டாள். போய்த் திரும்பி, கூடையை இறக்கி எண்ணினோம். இரண்டே முட்டையில் மயிர்க்கீறல். அது பஸ்ஸில் விழுந்த கீறல் என்று அவள் சாதித்தாள்.

அதற்குப் பிறகுதான் அவர் என் கேள்விக்கு வந்தார். வேறொரு கம்பெனி வண்டியில் முறிந்துபோன ஸ்பிரிங் ஒன்றை என் கையில் வைத்தார்.

"இரும்பு எல்லாருக்கும் இரும்புதான். அத நின்னு நிதானமாப் பதம் போடுறவனும் இருக்கான், அவசரத்துல எடுத்துப் போடுறவனும் இருக்கான். அந்த நிதானத்துக்குத்தான் கூடக் காசு. வெறும் பேருக்குன்னும் அதுல கொஞ்சம் இருக்குண்ணே, இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

கடைசியாகச் சொன்னாரே, அந்த வார்த்தைக்காகத்தான் அவரிடம் வாங்கினேன். தன் சரக்கின் குறையையும் சேர்த்துச் சொல்கிற வியாபாரியை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அப்போதெல்லாம் வண்டிக்குப் பதிவு செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எங்களுக்கோ, பதிவு செய்தவர் ஒருவர் வேண்டாமென்று விட்ட வண்டி மூன்று வாரத்தில் வந்தது. மீதிப் பணத்துக்கு உங்கள் அம்மா சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். கழுத்தில் கிடந்து அது என்ன முட்டையா போடுகிறது என்றாள்.

முதல் நடை. பலகைப் பெட்டி இரண்டில் முந்நூறு முட்டை. உடைந்தால் ஈடுகட்ட உமிக்கடியில் பத்து முட்டை கூடுதல். கடை முதலாளி சொல்லியிருந்தபடி குலுக்கல் குறைய டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, கிழக்கு வெளுக்கும்போது புறப்பட்டேன். விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழுக்கு இன்னும் கால் மணி இருந்தது. சாமான் அறைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எண்ணினார். முந்நூறும் முழுசு. நம்பாமல் உமியை மேலாகக் கிளறிப் பார்த்தார்.

"என்னய்யா, அவிச்சுக் கொண்டாந்தீகளா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொல்லி வண்டியை உதைத்தேன். அந்த விடுதிக்குப் பதினோரு வருஷம் முட்டை போட்டேன். சங்கிலி இரண்டாம் வருஷமே உங்கள் அம்மா கழுத்துக்கு வந்துவிட்டது, முன்னைவிடக் கனமாக.

அந்த முதல் நாள் ஊர் திரும்பும் வழியில் ஓர் ஊருணிக் கரையில் வண்டியை நிறுத்தினேன். சுற்றிலும் ஆள் இல்லை. உமிக்குள் கையை விட்டால் பத்து முட்டையும் அப்படியே இருந்தன. ஒன்றை எடுத்து ஹேண்டில்பாரில் மெல்லத் தட்டி, பச்சையாகவே குடித்தேன். பிறகு தோளில் கிடந்த துண்டால் ஹேண்டில்பாரைத் துடைத்தேன்.