நாசிரோவுக்குக் குலம் தேடிய நாள்

எருமையை அறுத்து, கறி சட்டிகளில் கொதிக்கத் தொடங்கிய பிறகுதான் நாசிரோவுக்கு அந்தச் சிக்கல் தெரிந்தது. மறுநாள் வேட்புமனு. அதற்குள், இன்றைக்கே, அவர் ஒரு குலத்துக்குள் போகாவிட்டால் கட்சி வேறு ஆளை நிறுத்திவிடும்.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் எங்கள் தொகுதிக்கு அவர் ஏற்கெனவே ஒருமுறை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த பெண்மணி. பிறந்தது கம்போடியாவில், சாம் இன முஸ்லிம் குடும்பத்தில். போருக்குத் தப்பி தாய்லாந்து முகாமில் வளர்ந்து, கிளந்தானுக்கு வந்து துணி மூட்டை சுமந்து, கடைசியில் எங்கள் சந்தையில் கடை போட்டார். குடியுரிமை கிடைக்கப் பாதி ஆயுள் ஆயிற்று. சந்தைக் கூரை ஒழுகுவதைப் பற்றிக் கவுன்சிலில் விடாமல் சண்டை போட்டதில் ஆரம்பித்ததுதான் அவருடைய அரசியல். கட்சி அலுவலகத்தில் தோட்டப்புறத்துத் தமிழ்க் குடும்பங்களின் மனுக்களைக் கவனிப்பது என் வேலை. அதனால் எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

முதல் தேர்தலில் அலை அடித்தது, ஜெயித்தார். இந்த முறை அலை இல்லை. எதிர்க்கட்சி மேடைகளில் ஒரே கேள்வி: "இந்தம்மா எந்தக் குலம்?"

எங்கள் பக்கத்து மலாய்க்காரர்களுக்குக் குலம் தாய்வழி வருவது. ஒரே குலத்தில் பிறந்தவர்கள் எல்லாரும் அண்ணன் தங்கைதான், கல்யாணம் ஆகாது. வெளியிலிருந்து வந்தவருக்கும் ஒரு வாசல் உண்டு. எருமை அறுத்து ஊரைக் கூட்டி, குலத்தலைவரான டத்தோ முன்னால் வாக்குக் கொடுத்தால் மகளாக ஏற்றுக்கொள்வார்கள்.

கட்சிச் செயலாளர் ஹைருடின் ஜொகூர்காரர்; அங்கே இந்தத் தாய்வழி வழக்கம் இல்லை. ஓட்டு அதிகமுள்ள தானா டத்தார் குலத்தைத் தேர்ந்தெடுத்தார். நாசிரோவின் கணவர் ஜம்ஹரி எந்தக் குலம் என்றும் விசாரித்தார். ஆனால் அவர் விசாரித்தது ஜம்ஹரியின் அப்பா வழியை. அம்மா வழியைக் கேட்கவே அவருக்குத் தோன்றவில்லை. குலமே இல்லாத நாசிரோவுக்கும் அதுவரை அதைக் கேட்கும் தேவை வந்ததில்லை.

அதைச் சொன்னது ஜம்ஹரியின் தங்கை ரொக்காயா. கறிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டே சொன்னாள்.

"அண்ணி, இன்னும் கொஞ்ச நேரந்தான் நீங்க அண்ணி. அப்புறம் எனக்கு அக்கா. எங்கண்ணனுக்குத் தங்கச்சி."

"என்னடி உளர்றே?"

"எங்கம்மா தானா டத்தார். அப்ப நானும் அண்ணனும் என்ன குலம்? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு இருந்தேன்."

நாசிரோ பந்தலுக்குப் பின்னால் போனார். பேருந்து ஓட்டுநரான ஜம்ஹரி சீருடையை மாற்றாமலே விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

அவர் கோடரியைக் கீழே வைக்கவில்லை. "தெரியும்."

"தெரிஞ்சும்..."

"நான் வாயைத் திறந்தா உன் சீட்டு போயிடும். வந்தவ, வந்தவங்கிற பேச்சை எத்தனை நாள் கேப்பே நீ? நான் குவாந்தான் ரூட்டுக்கு மாத்திக்கிட்டு அங்கேயே தங்கிடறேன். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

"என்னைக் கேட்டீங்களா?"

ஹைருடின் மூச்சிறைக்க ஓடிவந்தார். அவர் காதுக்கும் விஷயம் எட்டியிருந்தது. "நாசிரோ அக்கா, இப்ப எதுவும் பேசாதீங்க. சடங்கு முடியட்டும். தேர்தல் முடிஞ்சதும் டத்தோகிட்ட பேசி ஒரு வழி பண்ணிடலாம்."

"என்ன வழி?"

ஹைருடின் கைப்பேசியைப் பார்த்தார்.

பந்தலில் ஊர் உட்கார்ந்திருந்தது. குலத்தலைவர் டத்தோ மிசான் நடுப்பாயில் இருந்தார். நாசிரோ எதிரில் அமர்ந்ததும் முறைப்படி கேட்டார்: "எங்க குலத்துக்குள்ள வர உனக்குச் சம்மதமா?"

நான் ஹைருடினைப் பார்த்தேன். அவர் உதடு அசைந்தது: சம்மதம், சம்மதம்.

"டத்தோ, அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்," என்றார் நாசிரோ. "நான் உள்ளே வந்துட்டா, அதோ விறகுக்கட்டு பக்கத்துல நிக்கிறாரே, அவர் எனக்கு என்ன முறை?"

எல்லாத் தலைகளும் ஜம்ஹரி பக்கம் திரும்பின. டத்தோ அவரைப் பார்த்தார். பிறகு ஹைருடினைப் பார்த்தார். "அண்ணன் முறை," என்றார்.

"அப்ப எனக்கு வேண்டாம், டத்தோ. மன்னிச்சுக்குங்க. எருமை போச்சு, உங்க நேரமும் போச்சு."

"காலையிலேயே சொல்லியிருந்தா எருமையாவது பிழைச்சிருக்கும்," என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள். டத்தோ சிரிக்கவில்லை.

ஹைருடின் வெளியே போய்க் கைப்பேசியில் பேசினார். சோறு பரிமாறுவதற்குள் புது வேட்பாளர் பெயர் வந்துவிட்டது. சிரம்பானில் வக்கீல், அம்மா வழியும் சரியாக இருந்தது.

நாசிரோ செருப்பை மாட்டும்போது டத்தோ கூப்பிட்டார். "சாப்பிடாம போகாதே. விருந்தாளியா உக்காரு."

அந்த வார்த்தையில் நாசிரோவின் முகம் ஒரு கணம் கறுத்தது. இத்தனை வருஷம் எதை மாற்றப் பாடுபட்டாரோ, அதே பெயரை டத்தோ மரியாதையாகவே திருப்பிக் கொடுத்திருந்தார். நாசிரோ திரும்பி வந்து, விருந்தாளிகள் வரிசையில் கடைசியாக உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நான் போய் உட்கார்ந்தேன்.

பரிமாறுவது குலத்து ஆண்களின் வேலை. ஜம்ஹரி சட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்தார். எங்கள் முன்னால் வந்ததும் கரண்டி தயங்கியது.

"கறி போடவா?"

"போடுங்க," என்றார் நாசிரோ தலை நிமிராமல். "குவாந்தான் ரூட்டாமே. வீட்டுக்கு வாங்க, பேசிக்கிறேன்."